நெளிந்துபோன கழுத்துக்கு பேஸ்டிங் டேப்: ஒரு ரேயான் டாப் வேலைக் குறிப்பு

வேலைக்கு வந்தது ஒரு ரெடிமேட் ரேயான் சுடிதார் டாப். நீளம் 44 இன்ச், யூ கழுத்து. உள்பட்டி வைத்துத் திருப்பித் தைத்த கழுத்துதான், ஆனால் பட்டிக்குள் எந்தப் பேஸ்டிங்கும், அதாவது துணியை விறைப்பாக்க உள்ளே ஒட்டுகிற தாளும், இல்லை. மேசையில் விரித்தால் முன்கழுத்தின் இரண்டு வளைவும் பொரித்த அப்பளத்தின் ஓரம் மாதிரி நெளிந்து நின்றன. போட்டுக்கொண்டால் கழுத்து உடம்பைவிட்டு விலகி, தோளிலிருந்து நழுவியது. இடப்பக்க சைடு ஓபனின் மேல்முனையில் அரை இன்ச் கிழிசல். மற்றபடி துணியில் பழுதில்லை, சாயமும் போகவில்லை.

இந்தப் பழுதுக்குப் பொதுவாகச் செய்கிற வைத்தியம் இரண்டு. கழுத்தை இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டி மறுபடி பட்டி வைப்பது ஒன்று, ஓரத்தில் பைப்பிங் கொடுத்து இழுத்துத் தைப்பது இன்னொன்று. இரண்டும் ஆறு மாதம் தாங்காது. புதிதாக வெட்டிய ஓரமும் அதே கிராஸ் துணிதான், அதாவது இழைக்குக் கோணலாகப் போகிற துணி. பைப்பிங்கும் கிராஸ் பீஸில்தான் போடுகிறோம், ஆக நீளுகிற துணிக்கு நீளுகிற துணியையே காவல் வைத்த மாதிரி. நீளாத ஒரு பொருள் தையல் கோட்டிலேயே உட்கார்ந்தால்தான் கழுத்து நிற்கும். அதற்குத்தான் பேப்பர் மாதிரி இருக்கிற பேஸ்டிங் டேப்.

எந்த இடம் நீளுகிறது

யூ கழுத்தின் ஓரம் முழுக்க ஒரே தன்மையாக இருப்பதில்லை. நடுவில், அடிப்பகுதியில், ஓரம் ஊடை இழையோடு (குறுக்கு நூல்) போகிறது. தோள் பக்கம் ஏறும்போது பாவு இழையோடு (நெடுக்கு நூல்) போகிறது. இந்த இரண்டு இடமும் சுலபத்தில் நீளாது. இரண்டுக்கும் நடுவில், கடிகாரத்தில் நாலரை மணியும் ஏழரை மணியும் நிற்கிற இடங்களில், துணி சுத்தமான கிராஸ். அங்கே இரண்டு பக்கமும் விரலால் பிடித்து லேசாக இழுத்தால் போதும், ரப்பர் மாதிரி போகும். கழுத்து நெளிகிற இடமும் எப்போதும் அதுதான்.

ரேயானில் இது இன்னும் மோசம். நனைந்த ரேயான் காய்ந்த ரேயானின் பலத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் தாங்கும். வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் கடல் காற்றில் வேர்த்து நனைந்த டாப்பைக் கழற்றி அப்படியே ஆணியில் மாட்டுகிறோம். துவைத்தபிறகு தண்ணீர் சொட்டச் சொட்டத் தோளில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடுகிறோம். டாப்பின் மொத்த ஈரக் கனமும் இரண்டு தோள் தையலிலும் கழுத்து வளைவிலும்தான் இறங்குகிறது.

வெட்டியவுடன் ஓரத்தைச் சுற்றி ஒரு நேர்த்தையல் ஓட்டிவிடுவது நல்ல பழக்கம். அது தைத்து முடிக்கிறவரை வடிவத்தைக் காப்பாற்றும். வருஷக்கணக்கில் கனத்தைத் தாங்க அந்த ஒரு நூல் போதாது.

டேப் வாங்கும்போது

இந்தப் பேப்பர் பேஸ்டிங்குக்கு இன்னொரு பெயர் நான்-வோவன், அதாவது நெய்யாதது. பாலியஸ்டர் போன்ற இழைத் துணுக்குகளைத் தாளாகப் பரப்பி, சூட்டிலோ பசையிலோ இறுக்கியது. பாவு ஊடை இல்லாததால் வெட்டிய ஓரம் பிசிறாது, எந்த அகலத்துக்கும் கத்தரிக்கலாம். ஒரு பக்கம் தாள் மாதிரி வழவழப்பாக இருக்கும். இன்னொரு பக்கத்தில் சின்னச் சின்னப் பசைப் புள்ளிகள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மினுமினுக்கும், உதட்டில் வைத்துப் பார்த்தால் சொரசொரப்பு தெரியும். விரலில் தெரியாத சொரசொரப்பு உதட்டில் தெரிந்துவிடும்.

சவுகார்பேட்டை தையல் சாமான் கடைகளில் "பேப்பர் பேஸ்டிங் குடுங்கண்ணா, டேப் ரோலா இருந்தா அரை இன்ச்" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வெறுமனே "பேஸ்டிங்" என்றால் சட்டைக் காலருக்குப் போடுகிற மொத்தமான நெய்த பேஸ்டிங் வரும், "கேன்வாஸ்" என்றால் கோட்டுக்குப் போடுவது வரும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி மெல்லிசாக, இரண்டு பக்கமும் ஒட்டுகிற ஒரு டேப் இருக்கிறது. அது பேன்ட் அடியை மடித்து ஒட்டுவதற்கு. அது வெறும் பசைதான், அதில் இழைத் தாளே கிடையாது. சூடு பட்டதும் கரைந்து துணிக்குள் போய்விடும், கழுத்தைப் பிடித்து நிறுத்தாது. இரண்டும் ஒரே மாதிரி சுருளில் வருவதால் மாறிப்போவது சகஜம்.

ரோல் டேப் 10, 12, 15, 20 மி.மீ. அகலங்களில் வரும். கழுத்துக்கும் தோளுக்கும் 10 அல்லது 12 போதும். ரோல் கிடைக்காவிட்டால் மெல்லிய பேப்பர் பேஸ்டிங்கை ஷீட்டாக அரை மீட்டர் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். அப்படி வெட்டும்போது முதலில் நீளவாக்கில் ஒரு இழு, அகலவாக்கில் ஒரு இழு. அநேக ஷீட் ஒரு திசையில் மட்டும் நீண்டு கிழியும், மற்றத் திசையில் பிடிவாதமாக நிற்கும். நிற்கிற திசைதான் டேப்பின் நீளம். இதைப் பார்க்காமல் வெட்டினால் டேப் போட்டும் கழுத்து நீளும், ஏன் என்று புரியாது.

கனம் ரேயானுக்கு 25 முதல் 30 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) போதும். 40க்கு மேல் போனால் கழுத்து அட்டை மாதிரி நின்று, உள்பட்டியோடு சேர்ந்து வெளியே கோடு தெரியும். கருப்பு, கருநீலத் துணிக்குக் கருப்பு அல்லது சாம்பல் டேப். இருண்ட மெல்லிய துணியில் வெள்ளை டேப் போட்டால் வெயிலில் சாம்பல் புள்ளியாகத் தெரியும்.

இந்த வேலைக்கு ஆன டேப்: முன்கழுத்து 17 இன்ச், பின்கழுத்து 7, இரண்டு தோளுக்கும் சேர்த்து 8¼, சைடு ஓபன் நான்கு ஓரத்துக்கும் தலா 4. மொத்தம் 48¼ இன்ச், ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சோதனைத் துண்டுக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 12 மி.மீ. டேப் 2 மீட்டர் எடுத்தோம். சைடு ஓபன் முனைக்கு ஷீட்டிலிருந்து 1½ இன்ச் சதுரம் இரண்டு.

பிரித்ததும் அளந்ததும்

டாப்பை முதலில் துவைத்தோம். பட்டியோடு ஒருமுறை, கடைசி அலசல் மெட்ரோ வாட்டரில் (குழாய்த் தண்ணீர்). போர் தண்ணீரில் மட்டும் அலசினால் உப்பும் சோப்பும் சேர்ந்து துணியில் ஒரு படிவாக நிற்கும், பசை அதன்மேல்தான் ஒட்டும், துணியில் ஒட்டாது. துணியை வழவழப்பாக்கும் கண்டிஷனர் போட்ட துணியிலும், கஞ்சி போட்ட துணியிலும் இதே சிக்கல். புதுத் துணியில் தைப்பதாக இருந்தாலும் முதலில் நனைத்துக் காயவைப்பதை விடக்கூடாது. ரேயானும் பருத்தியும் முதல் சலவையில் சுருங்கும், டேப் சுருங்காது. சுருங்கின துணியும் சுருங்காத டேப்பும் ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவில் கொப்புளம் கிளம்பாமல் என்ன செய்யும்?

நிழலில் படுக்கையாக உலர்த்தி, ரிப்பரால் உள்பட்டியைப் பிரித்தோம். பட்டி தோளில் பிடிபட்டிருந்த இடம் வரை பிரித்தால் போதும், தோள் தையலைத் தொடவில்லை. பிரிக்கும்போது நூலைத்தான் வெட்ட வேண்டும், இழுத்துப் பிய்க்கக்கூடாது. ஏற்கனவே நீண்ட கிராஸ் இன்னும் நீளும்.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர். டேப்பின் நீளத்தைத் துணியிலிருந்து எடுக்கக் கூடாது. கெட்டுப்போன கழுத்தை அளந்து அந்த அளவுக்கு டேப் வெட்டி ஒட்டினால், நெளிந்த கழுத்து நெளிந்தபடியே உறுதியாகிவிடும். புதுத் துணியிலும் இதேதான். வெட்டி, தூக்கி, மேசைக்கு மேசை மாற்றுவதற்குள் கழுத்து கால் இன்ச் நீண்டிருக்கும். டேப்பை எப்போதும் பேப்பர் பேட்டர்னில், அதாவது துணி வெட்டுவதற்காக அளவு வரைந்த தாளில், வைத்து அளக்க வேண்டும்.

ரெடிமேட் டாப்புக்குப் பேட்டர்ன் கிடையாது. ஆனால் அதைத் துணியிலிருந்தே மீட்டுவிடலாம், நீளாத இழைகள் வழியாக அளந்தால். முன்பாகத்தை நடுவில் மடித்து மேசையில் விரித்தோம். மார்பு உயரத்தில் ஊடை இழையோடு ஒரு சாக் கோடு. தோளும் கழுத்தும் சேர்கிற புள்ளியிலிருந்து நேர் பாவு வழியே அந்தக் கோடு வரை ஓர் அளவு. நடுக்கழுத்திலிருந்து அதே கோடு வரை இன்னோர் அளவு. இரண்டையும் கழித்தால் கழுத்து இறக்கம்: 7 இன்ச். மடிப்பிலிருந்து அந்தப் பாவு இழை வரை கோட்டின்மேல் அளந்தால் அரைக் கழுத்து அகலம்: 3¼ இன்ச். இந்த இரண்டு எண்ணும் நம்பலாம், ஏனென்றால் இரண்டும் கிராஸைத் தொடவில்லை. இவற்றை வைத்து பிரவுன் பேப்பரில் யூவை மறுபடி வரைந்தோம்.

இன்ச் டேப்பைத் தட்டையாக வைத்து வளைவை அளந்தால் அளவு பொய் சொல்லும். டேப்பை ஓரத்தில் நிற்கவைத்து, வரைந்த கோட்டின்மேல் நடத்திக்கொண்டே போக வேண்டும். அளப்பது தையல் கோட்டை, வெட்டிய ஓரத்தை அல்ல. பேப்பரில் அரை முன்கழுத்து 8½ இன்ச் வந்தது. துணியில் அதே கோடு 9⅛. ஒரு பக்கத்துக்கு ⅝ இன்ச், இரண்டு பக்கமும் சேர்த்து 1¼ இன்ச் கூடுதல். நெளிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தோளிலும் கால் இன்ச் கூடுதல்: இருக்க வேண்டியது 4⅛, இருந்தது 4⅜.

நீண்டதை உள்வாங்குவது

ரேயான் நீராவிக்கு ஓரளவு கட்டுப்படும். வெட்டிய ஓரத்திலிருந்து கால் இன்ச் தள்ளி, மெஷினில் தையல் நீளம் 4 மி.மீ. வைத்து, மேல்நூல் டென்ஷனைத் தளர்த்தி ஒரு ஓட்டு. இந்தத் தையல் தையலுக்கு விட்ட துணிக்குள்ளேயே நிற்கும், பிறகு பிரித்துவிடலாம். பாபின் நூலை மெதுவாக இழுத்து, முழுக்கழுத்திலும் இல்லாமல் நாலரை, ஏழரை மணி வளைவுகளில் மட்டும் சுருக்கத்தை நிறுத்தினோம். பேப்பரின்மேல் துணியை வைத்து, தையல் கோடும் பேப்பர் கோடும் சேரும்வரை சரிசெய்து குண்டூசி குத்தியாயிற்று.

பிறகு அயர்ன் பாக்ஸை அரை இன்ச் உயரத்தில் பிடித்து நீராவி மட்டும். அழுத்தவே கூடாது, அழுத்தினால் சுருக்கம் மடிப்பாகி நிரந்தரமாகிவிடும். மூன்று முறை நீராவி, ஒவ்வொரு முறையும் ஆறவிட்டு விரல் நுனியால் தட்டி அமுக்குவது. ஒரு பக்கம் ⅝ இருந்தது ⅛ ஆகக் குறைந்தது. மிச்ச ⅛ இன்ச்சை டேப் ஒட்டும்போது துணி உள்வாங்கிக்கொள்ளும். அரை இன்ச்சுக்கு மேல் மிச்சம் நின்றால் உள்வாங்காது, சின்னச் சின்ன மடிப்பாக விழும். அந்த நிலைமையில் கழுத்தைப் புதிதாக வெட்டுவதே நல்லது.

சோதனைத் துண்டு

டாப்பின் அடிமடிப்புக்குள் கொஞ்சம் துணி கிடைத்தது. அதில் மூன்று டேப் துண்டு, ஒவ்வொன்றும் இரண்டு இன்ச். அயர்ன் பாக்ஸ் இரண்டு புள்ளிக் குறியில், அதாவது சுமார் 150 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில். விளக்கு அணைந்தபிறகுதான் எடுக்க வேண்டும், சூடேறிக்கொண்டிருக்கும்போது அடிப்பாகத்தின் சூடு நிலையாக இருக்காது. மேலே மல் துணி ஒன்று, தண்ணீர் தெளித்துப் பிழிந்தது. முதல் துண்டுக்கு 8 விநாடி, இரண்டாவதுக்கு 12, மூன்றாவதுக்கு 16.

முழுக்க ஆறியபிறகு உரித்துப் பார்த்தோம். 8 விநாடித் துண்டு ஸ்டிக்கர் மாதிரி சுத்தமாக வந்துவிட்டது. 12 விநாடித் துண்டை உரித்தபோது டேப்பின் இழை கிழிந்து துணியில் பூனை மயிர் மாதிரி ஒட்டிநின்றது. வேண்டியது இதுதான். 16 விநாடித் துண்டும் நன்றாகப் பிடித்திருந்தது, ஆனால் வெளிப்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் பசைப் புள்ளிகள் மினுங்கின. ஆக 12 விநாடி. இந்த எண் இந்த டேப்புக்கும் இந்தத் துணிக்கும் இந்த அயர்ன் பாக்ஸுக்கும் மட்டும். ரோலோடு வருகிற தாளில் சூடும் நேரமும் அச்சிட்டிருந்தால் சோதனையை அங்கிருந்து தொடங்கலாம்.

சூடாக இருக்கும்போதே உரித்துப் பார்த்து "ஒட்டவில்லை" என்று இன்னும் சூடு வைப்பது அடிக்கடி நடக்கிற தப்பு. பசை உருகித் துணிக்குள் இறங்குவது சூட்டில், பிடிப்பது ஆறும்போது.

கழுத்தில் ஒட்டியது

பேப்பரின் அரைக் கழுத்துக் கோட்டில் டேப்பை நிற்கவைத்து 8½ இன்ச் குறித்தோம். நடுக்கழுத்து, நாலரை மணி, தோள் மூன்றுக்கும் டேப்பில் பென்சில் குறி. துணியிலும் அதே மூன்று இடத்தில் குண்டூசி. ஒட்டும்போது குறியும் ஊசியும் சேர வேண்டும், நடுவில் இருப்பது தன்னால் சமன்படும். இடுப்பில் எலாஸ்டிக் பிரித்து வைக்கிற அதே கணக்கு.

இங்கே தையலுக்கு விட்ட துணி 10 மி.மீ. டேப் 12 மி.மீ. அதனால் டேப்பின் ஓரத்தை வெட்டிய ஓரத்தோடு சரியாக வைத்தால், தையல் கோட்டைத் தாண்டி 2 மி.மீ. டேப் உடம்புப் பக்கம் நிற்கும். இந்த 2 மி.மீ. கட்டாயம். தையல் டேப்பின் மேலேயே விழ வேண்டும். டேப் தையலுக்கு வெளியே தையலுக்கு விட்ட துணியில் மட்டும் ஒட்டியிருந்தால், பிறகு வளைவில் கத்தரி போடும்போது டேப் துண்டு துண்டாகிப்போகும், தையல் கோடு அம்போ என்று நிற்கும்.

நேராக இருக்கிற டேப்பை வளைவில் படுக்கவைக்கும்போது எந்தப் பக்கம் வெட்டுவது என்று குழப்பம் வரும். கழுத்து ஒரு குழி. வெட்டிய ஓரம் சின்ன வட்டம், உடம்புப் பக்கம் பெரிய வட்டம். டேப்பின் உடம்புப் பக்க ஓரம் முழுதாக ஓட வேண்டும், வெட்டிய ஓரத்துப் பக்கம்தான் டேப் அதிகமாகிச் சுருளும். ஆக வெட்டு அந்தப் பக்கத்திலிருந்து, ஆழம் 7 மி.மீ., தையல் கோட்டுக்கு 3 மி.மீ. முன்னாலேயே நிற்க வேண்டும். கிராஸ் வளைவில் அரை இன்ச்சுக்கு ஒரு வெட்டு, நடுவில் முக்கால் இன்ச்சுக்கு ஒன்று. வெட்டிய இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறிக்கொள்ளும், அது சரி. வெளி வளைவில், உதாரணமாகக் காலர் முனையில், இது அப்படியே தலைகீழ்.

ஷீட் கையில் இருந்தால் கழுத்து வடிவத்திலேயே 12 மி.மீ. பட்டையாக வரைந்து வெட்டுவது இன்னும் நேர்த்தி. சேதாரம் அதிகம், ஆனால் வெட்டே தேவையில்லை.

ஒட்டுவதற்கு முன் வெறும் துணியை 5 விநாடி உலர் சூட்டில் அழுத்தி எடுத்தோம். ரேயான் ஈரக்காற்றிலிருந்தே தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் பிடித்துவைத்திருக்கும், இந்த ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் டேப்புக்கு அடியில் நீராவியாகி மாட்டிக்கொண்டால் கொப்புளம். பிறகு பசைப் பக்கம் கீழே பார்க்க, துணியின் உள்பக்கத்தில் டேப். முதலில் அயர்ன் பாக்ஸ் நுனியால் ஒன்றரை இன்ச்சுக்கு ஒரு தொடுதல், ஒரு விநாடி. எல்லாம் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்தபிறகுதான் மல் துணி போட்டு 12 விநாடி அழுத்தம். பெட்டியைத் தேய்க்கக்கூடாது. தூக்கி, நகர்த்தி, வைக்க வேண்டும். தேய்த்தால் உருகின பசையில் துணி வழுக்கி, மீட்ட கழுத்து மறுபடி நீளும்.

மேசையில் விரிப்பாக பழைய கம்பளியும் அதன்மேல் வேட்டித் துணியும். ஸ்பாஞ்ச் விரிப்பு வேண்டாம், அழுத்தம் அதிலேயே போய்விடும். கரிப்பெட்டியில் இந்த வேலை செய்யவே கூடாது, சூட்டை நிறுத்த வழியில்லை.

அழுத்திய இடத்தை 10 நிமிஷம் அசைக்காமல் ஆறவிட்டுத்தான் மெஷினுக்குக் கொண்டுபோனோம். சூடான பசையில் ஊசி இறங்கினால் ஊசிக் கண்ணில் பசை ஏறி, தையல் விடும், நூல் அறும். அப்படி ஆகிவிட்டால் ஊசியைத் துடைத்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுவது மேல்.

திருப்பித் தைத்தது

11 நம்பர் ஊசி, தையல் நீளம் 2.5 மி.மீ., கிராஸ் வளைவில் 2. உள்பட்டியும் நீண்டிருந்ததால் அதையும் பேப்பர் அளவுக்கு வெட்டிச் சரிசெய்து, மேல்பக்கமும் மேல்பக்கமும் சேர்த்து, டேப் நமக்குத் தெரிகிற மாதிரி மேலே வைத்துத் தைத்தோம். டேப் மேலே இருந்தால் தையல் அதைவிட்டு விலகாமல் போகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம். பிறகு சுருக்கத் தையலைப் பிரித்து, வளைவில் 1 செ.மீ.க்கு ஒரு கத்தரி, தையலுக்கு 2 மி.மீ. முன்வரை. தையலுக்கு விட்ட துணியைப் பட்டிப் பக்கம் தள்ளி, பட்டியின்மேல் ஓரத்திலிருந்து 2 மி.மீ.யில் ஒரு தையல். இது பட்டி வெளியே எட்டிப்பார்க்காமல் காப்பாற்றும். கடைசியாக பட்டியின் அடி ஓரத்தைத் தோள் தையலில் மட்டும் நாலு கைத்தையல்.

தோள்

தோளைப் பிரிக்கவில்லை. ஓவர்லாக் போட்ட தையல். அந்த நூல் மேட்டின்மேல் பசை சமமாகப் பிடிக்காது, ஒட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. தையலுக்கு விட்ட துணியைப் பின்பக்கம் திருப்பி, 4⅛ இன்ச் டேப்பைத் தோள் தையல் கோட்டின்மேல் படுக்கவைத்து, பழைய தையலின் மேலேயே ஒரு நேர்த்தையல். துணியைக் கீழே வைத்து, மெஷினின் பல் (ஊசிக்கடியில் துணியை நகர்த்துவது) கூடுதல் கால் இன்ச்சை உள்ளே வாங்கிக்கொள்ளும்படி விட்டோம். டேப்பை மேலிருந்து லேசாகப் பிடித்தால் போதும். அதை ஒருபோதும் இழுத்துத் தைக்கக் கூடாது, இழுத்தால் தோள் சுருங்கிக் கை மேலேறும்.

பனியன் துணியிலும் தோளுக்கு இதே முறை. ஆனால் டி-ஷர்ட் கழுத்தைச் சுற்றி முழுக்க இந்த டேப்பை வைத்தால் தலை நுழையாது, பலமாக இழுத்தால் தையல் அறும். பின்கழுத்தில் தோளிலிருந்து தோள்வரை மட்டும் வைக்கலாம்.

சைடு ஓபன்

கிழிசலின் இரு ஓரத்தையும் நேராக்கி, பிசிறைக் கத்தரித்து, உள்பக்கம் 1½ இன்ச் சதுரத் துண்டு ஒட்டினோம். மூலைகளை வட்டமாக வெட்டியபிறகுதான். கூர் மூலைதான் முதலில் கிளம்பும், சலவையில் அதைப் பிடித்துக்கொண்டே மீதியும் வந்துவிடும். மாடிப்படியில் ஏறி இறங்குகிற இழுப்பு, பஸ் படியில் காலைத் தூக்கிவைக்கிற இழுப்பு, எல்லாம் இந்த ஒரு புள்ளியில்தான் முடிகிறது. அதனால் கிழியாத வலப்பக்கத்துக்கும் ஒரு துண்டு. நான்கு ஓரத்திலும் மேலிருந்து 4 இன்ச் டேப், அடிவரை வேண்டாம். முழு நீளத்துக்கும் வைத்தால் ரேயானின் விழுதல் போய், ஓரம் பலகை மாதிரி நிற்கும். முனையில் ஜிக்ஜாக் 2 மி.மீ. அகலத்தில், 8 மி.மீ. நீளத்துக்கு, நெருக்கமாக ஒரு கட்டுத்தையல்.

எந்தத் துணிக்கு வேண்டாம்

ஜார்ஜெட், ஷிஃபான் இரண்டிலும் பசை வெளியே தெரிந்துவிடும். அங்கே ஒட்டாத வழி: லைனிங் துணியின் கரை ஓரத்தை அரை இன்ச் அகலத்தில் கிழித்து, தையலோடு சேர்த்துப் பிடிப்பது. கரை ஓரம் நீளவே நீளாது. பிளவுஸ் பின்கழுத்து பெரிதாக வைக்கும்போதும் இதுதான் நம்பகம். பட்டுப் பிளவுஸில் டேப்பைப் பட்டில் ஒட்டாமல் லைனிங்கில் ஒட்டிக்கொண்டால் பட்டுக்குச் சூடும் பசையும் படாது.

சலவைக்குப் பின்

ஒட்டியபிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் காட்டவில்லை. அதன்பின் ஐந்து சலவை, வாளியில் ஊறவைத்து, கழுத்தைப் பிழியாமல், அடியைக் கொடியில் போட்டு உலர்த்தி. இரண்டாவது சலவையில் வலப்பக்க வளைவில் முக்கால் இன்ச் நீளத்துக்குக் கொப்புளம் கிளம்பியது. உள்பக்கம் பார்த்தால் டேப் நடுநடுவே வட்டமாக விட்டிருந்தது, அந்த வட்டங்களுக்கு இடைவெளி அயர்ன் பாக்ஸின் நீராவித் துளைகளின் இடைவெளிதான். துளை இருக்கிற இடத்தில் சூடும் இல்லை, அழுத்தமும் இல்லை. மல் துணி போட்டு, பெட்டியைப் பாதி நகர்த்தி இரண்டாம் முறை 12 விநாடி அழுத்தியதும் பிடித்துக்கொண்டது. இனி நீராவிப் பெட்டியில் செய்கிற எல்லா ஒட்டலும் இப்படி இரண்டு அழுத்தமாகத்தான்.

இஸ்திரி வண்டியில் கொடுப்பதாக இருந்தால் கழுத்தில் ஈரத் துணி போட்டுத் தேய்க்கச் சொல்ல வேண்டும். கரிப்பெட்டிச் சூடு நேராகப் பட்டால் பசை மறுபடி உருகும்.

ஐந்தாம் சலவைக்குப் பின் அளவு: முன்கழுத்து 17⅛, பின்கழுத்து 7, தோள் இரண்டும் 4⅛. சைடு ஓபன் துண்டு நான்கு பக்கமும் கெட்டி. பிரவுன் பேப்பர் பேட்டர்னின் ஓரத்தில் டேப் நீளங்களை எழுதி, சோதனைத் துண்டையும் "12 விநாடி, இரண்டு புள்ளி" என்ற குறிப்போடு அதிலேயே குத்தி வைத்தாயிற்று.